திரும்ப ஒருமுறை சொல்லுங்கக்கா

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. போன்ல சார்ஜ் போயிடுச்சு. அந்த எடத்த மட்டும் திரும்ப ஒருமுறை சொல்லுங்கக்கா.”

இப்படிக் கேட்டது நாங்கள்தான். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனி வீட்டுத் திண்ணை. மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்த அக்கா தன் அம்மாவின் சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்த்தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போக விடாததால், கழனி வரப்பு மேல் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்கால் அளவு தண்ணீர். முன்னால் தூக்கியவர் கால் வழுக்கிப் பாடை சாய்ந்து, அம்மாவின் உடல் சேற்றில் இறங்கிவிட்டது. பெண்கள் சுடுகாடு வரை போகும் வழக்கம் அங்கே இல்லை. காலனி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், பாடை சாய்ந்ததும் தண்ணீரில் இறங்கி ஓடியிருக்கிறார். சரியாக அந்த இடத்தில் எங்கள் போன் அணைந்துவிட்டது.

அக்கா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எத்தினி வாட்டிம்மா எங்கம்மாவ நான் தண்ணில எறக்கறது?” என்றார். பிறகு எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக் கரண்டிலேயே போனை அரைமணி நேரம் சார்ஜ் போட்டு, அவர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, வெட்கமில்லாமல் திரும்பச் சொல்ல வைத்தோம். அவரும் சொன்னார். இரண்டாவது முறை சொல்லும்போது அழுதார். வண்டியில் திரும்பும்போது எங்களில் ஒருவர் “நல்ல ஷாட்” என்றார். மற்ற இருவரும் மறுத்துப் பேசவில்லை.

நாங்கள் மூன்று பேர். இரண்டு பெண்கள், ஒரு ஆண். முப்பதைத் தாண்டியவர்கள், சேரியில் பிறந்தவர்கள், சமூகப் பணி செய்கிறவர்கள். இதை எழுதுகிற கை சமூகவியலில் எம்.ஏ. படித்த கை. வார இறுதியில் மட்டும் வகுப்பு நடக்கும் ஓராண்டு இதழியல் பட்டயப் படிப்பில் மூவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். முதல் நாள் வாட்ச்மேன் எங்களை ஆசிரியர்கள் என்று நினைத்து வணக்கம் வைத்தார். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு எங்களைவிடப் பத்து வயது குறைவு.

இந்த வயதில் எதற்கு இதழியல் என்று இயக்கத் தோழர்களே கேட்டார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் பத்திரிகை நடத்துவது ஒன்றும் புதிதில்லை. ரெட்டமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893இல். அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907இல். அண்ணல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ 1920இல். ஆனால் அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் கழித்தும், 2006இல் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை ஆராய்ந்தபோது, அதில் ஒரு தலித்தோ ஒரு பழங்குடியோ இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், எண்ணிப் பார்த்த 121 தலைமைப் பதவிகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. எங்கள் ஊரில் ஒரு அநியாயம் நடந்தால் யாரோ வந்து, யாரோ கேட்டு, யாரோ எழுதிப்போகிறார்கள். நாமே கேட்டால் சரியாகக் கேட்போம் என்று நினைத்தோம். அந்தத் திமிரோடுதான் சேர்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாமல் இல்லை. பத்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். எம்.ஏ. ஆய்வுக்காக 64 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியிருக்கிறோம். ‘பொதுப்பாதை மறுக்கப்படுகிறதா? ஆம் / இல்லை.’ ஒரு டிக். அடுத்த வீடு. பிறகு உண்மை அறியும் குழுக்களில் போனோம். அங்கே கேள்விகள் வேறு: எந்தத் தேதி, எத்தனை மணி, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்களா, யார் சாட்சி, முதல் தகவல் அறிக்கை போட்டார்களா, எந்தப் பிரிவில். இவையெல்லாம் தேவையான கேள்விகள். வழக்கு நிற்பதும் விழுவதும் இவற்றில்தான். ஆனால் எங்களை மாதிரி ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து இதையே கேட்டதில், எங்கள் மக்களும் அதற்கேற்பப் பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். மைக்கைப் பார்த்ததும் குரல் மாறும். “நாங்க காலங்காலமா இந்த ஊர்ல வசிச்சு வர்றோம் சார், எங்களுக்கு எந்த அடிப்படை வசதியும் இல்லைங்க” என்று தொடங்குவார்கள். அது மனுவின் மொழி. வீட்டுக்குள் அப்படி யாரும் பேசமாட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைகள் கற்றுக்கொடுத்த மொழி அது. அதில் பாதியை நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வகுப்பில் எங்களுக்கு நேர்காணல் சொல்லிக்கொடுத்தவர் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். முதல் பயிற்சியாக எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி எதையும் கேட்காமல் பத்து நிமிடம் பேட்டி எடுக்கச் சொன்னார். மூன்றாவது நிமிடத்தில் எங்களிடம் கேள்வி தீர்ந்துபோனது. 64 கேள்வி வைத்திருந்த எங்களிடம்! இரண்டாவது பயிற்சி இன்னும் மோசம். எதிரில் இருப்பவர் பதிலை முடித்த பிறகு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை அடுத்த கேள்வியைக் கேட்கக்கூடாது. ஆறு, ஏழு எண்ணுவதற்குள் எதிரில் இருப்பவர் தானாகவே மறுபடி பேசத் தொடங்குவார். பல நேரம் உண்மையான பதில் அப்போதுதான் வரும். முதலில் சொன்னது தயாராக வைத்திருந்த பதில்.

இன்னொன்று, ‘ம்ம்’ கொட்டக்கூடாது. இது எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. துக்கம் சொல்கிறவர்களுக்கு ‘ம்ம்’ கொட்டுவதுதான் நாங்கள் அறிந்த மரியாதை. ஆனால் பதிவில் அது அவர்கள் குரல்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது, வெட்டி எடுக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டப் பழகினோம். படத்தைவிடச் சத்தம் முக்கியம் என்பதும் அங்கே கற்றதுதான். படம் ஆடினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்கவில்லை என்றால் அடுத்த வினாடி தள்ளிவிடுவார்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும். சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக் முன்னூறு நானூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, அது போதும். காற்று அடித்தால் மைக்கின்மேல் கைக்குட்டையைச் சுற்றலாம். பேட்டி முடிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும், எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். ஒரு காலனியில் அரை நிமிடம் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். கோழி மட்டும்தான் கேட்காது.

இதையெல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த அக்காவைப் பார்க்கப் போனோம். இறுதித் தேர்வுக்கான வேலை அது. ஐந்து நிமிடத்துக்குள் குரல், படம், வரைபடம் எல்லாம் கலந்த ஒரு செய்திக்கதை. சுடுகாட்டுப் பாதை என்று நாங்கள்தான் தலைப்பு எடுத்தோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கிய வீடியோ உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். போனில் எடுத்த வீடியோதான். அதைப் பார்த்து நாடே அதிர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. ஒரு போன் என்ன செய்யும் என்பதற்கு நாங்கள் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு அது. வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியபோது ஆசிரியர் கேட்டார்: “அந்தக் கயித்துல தொங்குறவரு யாரு? என்ன வேலை பார்த்தாரு?” அந்த வீடியோவை எத்தனையோ கூட்டங்களில் திரையிட்டிருக்கிறோம். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

தெரியவில்லை என்று உறைத்த பிறகும், அக்காவிடம் போய் நாங்கள் கேட்டது ‘என்ன நடந்தது’ என்றுதான். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

மறுதரப்பையும் கேட்க வேண்டும் என்பது வகுப்பின் விதி. இதில் எங்களுக்கும் ஆசிரியருக்கும் வாக்குவாதம் நடந்தது. பாதையை மறிப்பவனுக்கு என்ன தரப்பு என்று கேட்டோம். “அவன் தரப்பை அவன் வாயாலயே சொல்லவெச்சுப் பாருங்க” என்றார். போனோம். ஊர்த்தெருவில் கால் வைத்ததும் பேட்டி தொடங்கிவிட்டது. கேட்டது நாங்கள் இல்லை, அவர்கள். “எந்த ஊரு தம்பி?” “அங்க எந்தத் தெரு?” “அப்பா என்ன பண்றாரு?” இந்த மூன்று கேள்வியில் வேண்டியது கிடைத்துவிடும். வினாப்பட்டியல் தயாரிக்க இரண்டு வருடம் படித்த எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். தண்ணீர் கொடுக்கவில்லை. பேசினார்கள். “நாங்க யாரையும் தடுக்கலையே. அவங்களே அந்தப் பக்கமா போயிடுவாங்க. அது பழக்கம்” என்றார் ஒரு பெரியவர். பத்து எண்ணினோம். எட்டில், “இந்த வழியா வந்தா தெருவுல சாமி இருக்குதில்ல” என்றார். ஆசிரியர் சொன்னது சரிதான். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருந்த மௌனத்தை நாங்கள் வெட்டவே இல்லை. மைக்கை அணைத்த பிறகு அதே பெரியவர் இன்னொன்றும் சொன்னார். அணைத்த பிறகு சொன்னது என்பதால் கதையில் சேர்க்கவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

திரும்பும்போது தெருமுனையில் ஒரு பலகையைப் பார்த்தோம். சிமெண்ட் சாலை போட்ட திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை எல்லாம் எழுதியிருந்தது. அரசுப் பணத்தில் போட்ட பொதுச் சாலை. அதையும் படமெடுத்தோம். பிணம் போகிற வழியின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இணையதளத்தில் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தோம். எல்லாம் தனியார் பட்டா நிலம். அதாவது, போக உரிமையுள்ள சாலையில் விடமாட்டார்கள், போகிற வழியோ இன்னொருவர் கழனி. அறுவடை முடியாத மாதத்தில் செத்தால் அந்த வழியும் கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுடுகாட்டையும் பாதையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது அதில் தெளிவாகவே குற்றம்.

பலகை, பட்டா, பெரியவர், அக்காவின் அழுகை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முன்னோட்டம் வெட்டி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. ஒரு மாணவர் நல்லெண்ணத்தில் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினார். அங்கிருந்து எங்கெங்கோ போய், நான்காவது நாள் அந்த ஊர்த்தெருவுக்கே போய்ச் சேர்ந்தது.

அது நடவுக் காலம். அக்காவை வழக்கமாக நடவுக்குக் கூப்பிடும் இரண்டு கழனிக்காரர்களும் கூப்பிடவில்லை. பதினொரு நாள் வேலை இல்லை. அவரோடு போகும் நான்கு பெண்களுக்கும் இல்லை.

எங்களிடம் ஒப்புதல் படிவம் இருந்தது. தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கியிருந்தோம். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் நூறுநாள் வேலைக்குப் போடுகிற மாதிரி, ரேஷனுக்குப் போடுகிற மாதிரி, “எங்கம்மா போடணும்?” என்று கேட்டுப் போட்ட கையெழுத்து அது. இந்த வீடியோவை உங்கள் முதலாளி பார்ப்பார் என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி இல்லை. சேரியில் பிறந்த எங்களுக்கு அது தெரியாதா? தெரியும். எழுதும்போது தோன்றவில்லை. வகுப்பில் கொடுத்த மாதிரிப் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது அக்கா திட்டவில்லை. பன்னிரண்டாவது படிக்கும் அவர் மகள்தான் கேட்டாள்: “உங்களுக்கு மார்க்கு வந்துச்சா?”

ஐந்து பெண்களின் பதினொரு நாள் கூலியை எங்களுக்குள் பிரித்துப் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். கொடுப்பது அவமானமாகிவிடுமோ என்று வண்டியில் வரும்போது பெரிய விவாதம் வேறு. அக்கா வாங்கி, எண்ணி, “சரியா இருக்குது” என்றார். விவாதம் அதோடு முடிந்தது.

அன்றைக்குப் போனை வெளியே எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். கேட்க வேண்டும் என்று திட்டமிட்டும் கேட்கவில்லை, பேச்சுவாக்கில் எங்களில் ஒருவர் கேட்டார்: “அம்மா என்னக்கா வேலை பாத்தாங்க?”

“அதான் சொன்னேனே, கழனி வேலைதான்” என்றார். நாங்கள் எதுவும் பேசவில்லை. வகுப்புப் பயிற்சியாலோ, குற்ற உணர்ச்சியாலோ தெரியாது. அக்காவே தொடர்ந்தார். “பிள்ளை பாக்கும். இந்தப் பக்கத்துல ஆஸ்பத்திரி வர்றதுக்கு முந்தி எல்லாம் அதுதான். காலனியில மட்டும் இல்ல, ஊர்லயும் அதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தர் எடுத்துகினு வருவாங்க. அப்ப மட்டும் அந்தத் தெரு வழியாத்தான் போவும்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல் பேட்டியில் ஒன்றேகால் மணி நேரம் பேசியிருந்தார். எங்கள் அறிக்கையில், மனுவில், இரண்டு நிமிட வீடியோவில் எங்கும் இது இல்லை. அக்கா மறைக்கவில்லை. நாங்கள் சாவைக் கேட்டோம், அவர் சாவைச் சொன்னார்.

அடுத்தமுறை போனபோது அக்காவின் அனுமதியோடு குரலை மட்டும் பதிவுசெய்தோம். அம்மா பயன்படுத்திய வேப்பெண்ணெய், கொதிக்கவைத்த கத்தி, பிள்ளை பிறந்த வீட்டில் முறத்தில் வைத்துக் கொடுத்த நெல், அந்த முறத்தைத் தொடாமல் தரையில் வைத்து அவர்கள் தள்ளிவிட்டது. பாதி நேரம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அம்மாவுக்கு வாய்த்துடுக்கு அதிகம் போலிருக்கிறது. வலியில் துடிக்கும் ஊர்த்தெருப் பெண்களை அவர் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எடிட்டிங்கை அக்கா வீட்டுத் திண்ணையிலேயே வைத்துக்கொண்டோம். முகத்தை மறைத்துவிடலாம், குரலை மாற்றிவிடலாம் என்று நாங்கள் முன்கூட்டியே முடிவுசெய்து போயிருந்தோம். பாதுகாப்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தோம். பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: “என் மொகம் இருக்கட்டும். தப்பு பண்ணவங்கதான் மொகத்த மறைப்பாங்க. அந்த அழுவறத எடுத்துடு. கழனிக்காரரு பேரையும் எடுத்துடு, நாளைக்கு அவருகிட்டதான் போவணும்.” மகள் இன்னொரு திருத்தம் சொன்னாள். வீட்டு வாசல் தெரியும் காட்சியில் மாட்டியிருந்த அவளுடைய பள்ளிச் சீருடையை எடுத்துவிடச் சொன்னாள். எங்களுக்குத் தோன்றவே தோன்றாத திருத்தம் அது. ‘நல்ல ஷாட்’ போனது.

‘கபர் லஹரியா’ பற்றி மாணவத் தோழர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002இல் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய பத்திரிகை, பிறகு கைபேசி வீடியோவுக்கு மாறியது. அதில் தலித் பெண்கள் நிருபர்களாக, ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022 ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண்கள், படம் தங்களைப் பற்றிய முழுக்கதை இல்லை, ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று வெளிப்படையாக எழுதினார்கள். முன்பு அதைப் படித்தபோது, ஆஸ்கர் கிடைக்கப்போகிற நேரத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அக்காவின் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வந்தது.

கடைசியில் கதை நான்கு நிமிடம் நாற்பது வினாடி வந்தது. தொடக்கத்தில் இருட்டில் லாந்தர் வெளிச்சமும் அக்காவின் குரலும். பிறகு ஒரு வரைபடம். பிள்ளை பார்க்க அம்மா நடந்த வழி ஒரு கோடு, பாடை போன வழி இன்னொரு கோடு. பெரியவரின் பத்து வினாடி. சாலைப் பலகை. தண்ணீரில் கால்கள் நடக்கும் சத்தம், அந்த வரப்பில் நாங்களே நடந்து பதிவுசெய்தது. தேர்வில் நல்ல மதிப்பெண்தான். ‘உணர்ச்சி போதவில்லை’ என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார்.

தேர்வு முடிந்ததும் கதையை ஒரு மெமரி கார்டில் போட்டு அக்காவிடம் கொடுத்தோம். யாருக்குக் காட்டுவது, எப்போது வெளியே விடுவது என்பது அவர் முடிவு. பாதைக்கான மனு இன்னும் தாசில்தார் அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த நடவுக்கு அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஆள் கிடைக்கவில்லையாம்.

போன வாரம் அவர் மகள் போன் செய்தாள். காலனியில் எல்லோரும் பார்த்தார்களாம். பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டாராம். “பிள்ளை பாத்தது அவ மட்டுந்தானா? நான் பாக்கலையா? என் பேர எங்க?” என்று. அந்தப் பாட்டியை அவளே பேட்டி எடுக்கப்போகிறாளாம், மைக்கை மட்டும் எடுத்துவரச் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பவர் பேங்கையும் எடுத்து வைத்தாகிவிட்டது.